கடைசியாக அணைய வேண்டியவை

ஐதராபாத்தின் ஜீடிமெட்லா, பாலாநகர் போன்ற தொழிற்பேட்டைகளைக் குடியிருப்புகள் சூழ்ந்துவிட்டதால், மாசு உண்டாக்கும் ஆலைகளை வெளிவட்டச் சாலைக்கு அப்பால் அனுப்ப வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக நடந்துவருகிறது. இப்பேச்சில் நிலமும் வேலைவாய்ப்பும் அடிபடும் அளவுக்கு, மூடப்படும் ஆலையின் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அமைப்பை எந்த வரிசையில் கழற்றுவது என்பது அடிபடுவதில்லை. வெப்பத்தையும் அழுத்தத்தையும் கசிவையும் அளக்கும் உணரிகள், அளவு மீறியதும் முடிவெடுக்கும் தனிக் கணினி, உடனே குழாயை அடைக்கும் வால்வு ஆகியவை சேர்ந்ததே அந்த அமைப்பு. உற்பத்தி நின்றதும் அதற்கு வேலையில்லை என்று தோன்றலாம். தொட்டியில் வேதிப்பொருள் இருக்கும்வரை வேலை உண்டு.

இதற்குப் போபால் நச்சுவாயுக் கசிவைவிடக் கொடிய சான்று இல்லை. யூனியன் கார்பைடு ஆலையில் மீத்தைல் ஐசோசயனேட்டு உற்பத்தி 1984 அக்டோபரில் நிறுத்தப்பட்டபோதும், 610ஆம் எண் தொட்டியில் அந்த நச்சுத் திரவம் சுமார் 40 டன் இருந்தது. அதைக் குளிர்விக்கும் இயந்திரம் ஜூன் மாதமே நிறுத்தப்பட்டு, அதன் குளிர்பொருளும் வடிக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவி நீக்கும் கோபுரம் இயக்கத்தில் இல்லை. எஞ்சிய வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குச் செல்லும் குழாயின் ஒரு துண்டு, அரித்துப்போனதால் கழற்றப்பட்டு, மாற்றப்படாமல் கிடந்தது. டிசம்பர் 2ஆம் தேதி இரவு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து வினை முற்றியபோது, தடுத்து நிறுத்த எதுவும் ஆயத்தமாக இல்லை.

அதே ஆலையில் இரண்டே வாரங்களில் சரியான முறையும் கடைப்பிடிக்கப்பட்டது. விஞ்ஞானி எஸ். வரதராஜன் தலைமையிலான குழு, டிசம்பர் 16 முதல், மிச்சமிருந்த திரவத்தைப் பூச்சிக்கொல்லியாக மாற்றித் தீர்த்தது; அதுவரை வேலியில் ஈரச் சாக்குகள் தொங்கவிடப்பட்டன, ஹெலிகாப்டர்கள் நீர் தெளிக்க ஆயத்தமாக நின்றன. பொருள் தீரும்வரை காவல் நீங்கவில்லை.

பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கான ஐ.இ.சி. 61511 என்னும் சர்வதேசத் தரநிலை, கழற்றுவதையும் அவற்றின் வாழ்நாளின் ஒரு கட்டமாகவே கொண்டு, அண்டைப் பிரிவுகளுக்கு நேரும் விளைவை முன்கூட்டியே ஆராயச் சொல்கிறது. இது வெறும் காகித வேலை அன்று. அவசர அடைப்பு வால்வுகள் பெரும்பாலும் மின்சாரம் போனால் தாமே மூடிக்கொள்பவை. தீயணைப்பு நீரைத் திறக்கும் சுற்றுகளோ பல ஆலைகளில் மின்சாரம் வந்தால்தான் இயங்குபவை. ஆகவே, இரண்டுக்கும் பொதுவான ஒரு மின்பெட்டியைத் துண்டித்தால், முன்னது உடனே மூடித் தன்னைக் காட்டிக்கொள்ளும். பின்னது செத்ததே தெரியாது, பக்கத்துப் பிரிவு அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும்.

தொட்டிகளும் குழாய்களும் காலியாகி, நைட்ரஜன் செலுத்தித் தூய்மையாக்கப்பட்டு, அளந்து உறுதிசெய்யப்பட்டதற்கான சான்றை எழுத்தில் பெற்ற பிறகே, எந்த ஆலையிலும் பாதுகாப்பு அமைப்பின் முதல் கம்பியை வெட்டத் தெலங்கானா தொழிற்சாலைத் துறை இசைவு தர வேண்டும்.