பெட்டி சொல்லாத கணக்கு

கம்ப்யூட்டர் பட்ஜெட்டில் பாதியை விழுங்குகிறது கிராஃபிக்ஸ் கார்டு. கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் அட்டைப்பெட்டி சொல்வதில்லை.

தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் சாலை, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு. எங்கே போனாலும் காட்சி ஒன்றுதான். கல்லூரியில் சேரப்போகும் பையன், பக்கத்தில் பணம் கொடுக்கப்போகும் அப்பா. பையன் கேட்பது வேகம், அப்பா கேட்பது விலை. கடைக்காரர் இருவருக்கும் சேர்த்து ஒரே பதிலில் காரியத்தை முடித்துவிடுகிறார்: "இது 8 ஜிபி, சார்."

கிராஃபிக்ஸ் கார்டு வியாபாரத்தில் இந்த ஜிபி மந்திரத்துக்கு மயங்காதவர் குறைவு. ஆனால் அது கார்டில் உள்ள நினைவகத்தின் அளவு, வேகமல்ல. 2021-ல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டில் 12 ஜிபி நினைவகம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 3070-ல் 8 ஜிபிதான். ஆனாலும் பெரும்பாலான விளையாட்டுகளில் 3070-ஐ 3060-ஆல் நெருங்கக்கூட முடியாது. அதற்காக நினைவகமே முக்கியமில்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 2023 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டு, உயர்தரக் காட்சிகளில் 8 ஜிபி கார்டுகளைத் திணறடித்தது. நிறுவனம் பிறகுதான் அதைத் திருத்தி வெளியிட்டது. நினைவகம் போதாவிட்டால் வேகம் சரிகிறது. போதுமான அளவுக்கு மேல் இருந்தால், விளையாட்டைப் பொறுத்தவரை சும்மா கிடக்கிறது.

வேகத்தின் உண்மையான அளவுகோல், திரையில் ஒரு விநாடிக்கு எத்தனை பிரேம்கள் வருகின்றன என்பது. 60 வந்தால் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடும். 30-க்குக் கீழே போனால் தடுக்கும். விவரம் தெரிந்தவர்கள் சராசரியோடு நிற்பதில்லை. மிக மோசமான ஒரு சதவீதப் பிரேம்களின் வேகத்தையும் பார்க்கிறார்கள். சராசரி 70 இருந்தும் சண்டைக் காட்சியில் மட்டும் 25-க்கு விழும் கார்டு, சராசரி 62-ல் நிலையாக நிற்கும் கார்டைவிட மட்டமானது.

இனி கணக்கு. உதாரணத்துக்கு, 18,000 ரூபாய் கார்டு 60 பிரேம் தருகிறது, 27,000 ரூபாய் கார்டு 81 தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவதில் ஒரு பிரேமுக்கு 300 ரூபாய், இரண்டாவதில் 333. மலிவானதே லாபம் என்று தோன்றும். ஆனால் கார்டு தனியாக ஓடுவதில்லையே! மற்ற பாகங்களுக்கு 35,000 ரூபாய் ஆகிறது என்றால், முதல் கம்ப்யூட்டர் 53,000-க்கு 60 பிரேம்: ஒன்றுக்கு 883 ரூபாய். இரண்டாவது 62,000-க்கு 81: ஒன்றுக்கு 765. முடிவு தலைகீழாகிவிடுகிறது. புதிதாக முழு கம்ப்யூட்டர் வாங்குபவரும், பழைய கம்ப்யூட்டரில் கார்டை மட்டும் மாற்றுபவரும் ஒரே விலைப்பட்டியலைப் பார்த்து வெவ்வேறு முடிவுக்கு வருவது நியாயமே.

பழைய கம்ப்யூட்டர்காரருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. 2022 ஜனவரியில் 199 டாலர் விலையில் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டு மதர்போர்டுடன் பேசுவது நான்கே பாதைகள் வழியாக. நான்காம் தலைமுறை பி.சி.ஐ. மதர்போர்டில் இது ஓரளவு சமாளிக்கிறது. மூன்றாம் தலைமுறை போர்டில் ஒவ்வொரு பாதையின் வேகமும் பாதி என்பதால், 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் கார்டு தள்ளாடுகிறது. மலிவான கார்டைத் தேடுகிறவர்களிடம் இருப்பதோ பெரும்பாலும் பழைய மதர்போர்டு.

பெயர் விளையாட்டு இதைவிட மோசம். 2016-ல் ஜி.டி.எக்ஸ். 1060 இரண்டு வடிவங்களில் வந்தது: 6 ஜிபி, 3 ஜிபி. வித்தியாசம் நினைவகத்தில் மட்டும்தான் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். கணக்குப் போடும் கோர்களும் 1,280-லிருந்து 1,152 ஆகக் குறைக்கப்பட்டிருந்தன. ஜி.டி. 1030-ல் நடந்தது இன்னும் கொடுமை. 2017-ல் வந்தது விநாடிக்கு 48 ஜிபி தகவலைக் கையாளும் நினைவகத்துடன். 2018-ல் அதே பெயரில் வந்த டி.டி.ஆர்.4 வடிவத்தின் திறன் 16.8 ஜிபிதான். பல விளையாட்டுகளில் வேகம் ஏறக்குறைய பாதி. பெட்டியின் மூலையில் பொடி எழுத்தைப் படித்தவர் மட்டுமே தப்பினார்.

விலை விஷயத்தில் இந்திய வாடிக்கையாளர் பட்ட அவஸ்தை தனிக்கதை. 2021 பிப்ரவரியில் 3060 வெளியானபோது அமெரிக்க விலை 329 டாலர். அன்றைய மதிப்பில் டாலருக்குச் சுமார் 73 ரூபாய் என்று பெருக்கி, 18 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தால் 28,000 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். நிறுவனம் இந்தியாவுக்கு அறிவித்த தொடக்க விலையும் 29,500 ரூபாய்தான். நியாயமான விலை. ஆனால் அந்த விலையில் கார்டு எங்கே? சிப் பஞ்சம் ஒரு பக்கம், ஈதரியம் நாணயத்தை 'வெட்டி' எடுப்பவர்களின் பசி மறு பக்கம். 50,000 ரூபாயைத் தாண்டி விற்றது. முழு கம்ப்யூட்டரையும் எங்களிடமே வாங்கினால்தான் கார்டு என்று கறாராகச் சொன்ன கடைகள் உண்டு. நாணயம் வெட்டுவதைத் தடுக்க 3060-க்கு என்விடியா போட்ட பூட்டை, அடுத்த மாதமே தானே தவறுதலாக வெளியிட்ட ஒரு டிரைவர் மூலம் திறந்துவிட்ட வேடிக்கையும் நடந்தது.

2022 செப்டம்பர் 15-ம் தேதி ஈதரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. வெட்டும் வேலைக்கு கார்டுகள் தேவையற்றுப் போயின. இரவு பகலாக உழைத்த கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. பலர் பயப்படுவதுபோல் சிப் சாதாரணமாகத் தேய்ந்துவிடுவதில்லை. தேய்வது மின்விசிறி, காய்ந்துபோவது சூட்டைக் கடத்தும் பட்டை. அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டுச் சூட்டைக் கவனித்து வாங்கினால் நல்ல பேரமாகவும் அமையலாம்.

பழையதை விடப் போலியே ஆபத்து. பத்து வருஷத்துக்கு முந்தைய ஜி.டி.எக்ஸ். 550 டி.ஐ. போன்ற சிப்பின் பயாஸை மாற்றி எழுதி 1050 டி.ஐ. என்று தலையில் கட்டிய கதைகள் உலகமெங்கும் உண்டு. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இவற்றைப் 'போலி' என்றே காட்டிக்கொடுக்கிறது. போலி என்று சொல்ல முடியாத, ஆனால் முழு நிஜமும் அல்லாத சரக்கும் இருக்கிறது. பெயர் தெரியாத பிராண்டுகளில் ஆர்.எக்ஸ். 580 என்று விற்கப்படுபவற்றில் பல 2,048 கோர்கள் கொண்டவை. அசல் 580-ல் 2,304.

புதிய கார்டுகளில் மயக்கம் வேறு வகை. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில், 549 டாலர் ஆர்.டி.எக்ஸ். 5070 கார்டு 1,599 டாலரில் வந்த 4090-க்கு இணையான வேகம் தரும் என்றார் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங். கைதட்டல் கிடைத்தது. ஆனால் கார்டு உண்மையாக வரையும் ஒரு பிரேமுக்கு மூன்று பிரேம்கள் வரை செயற்கை நுண்ணறிவு ஊகித்து இடைச்செருகும் கணக்கு அது. காட்சி வழவழப்பாகத் தெரியும். மவுஸை அசைத்தால் துப்பாக்கி திரும்பும் வேகம் மாறாது. சொந்த உழைப்பில் 5070, 4090-க்கு வெகு தூரம் பின்னால்தான்.

விளையாட்டே குறியில்லாதவர்களுக்கு பிரேம் கணக்கும் உதவாது. வீடியோ எடிட்டிங், முப்பரிமாண அனிமேஷன், செயற்கை நுண்ணறிவு கற்கும் மாணவருக்கு என்விடியாவின் குடா நுட்பம் தேவைப்படுகிறது. பல மென்பொருள்கள் அதை நம்பியே எழுதப்பட்டவை. ஒரு பிரேமுக்கு ஏ.எம்.டி. மலிவாக இருந்தும் அவர்கள் மறுபக்கம் சாய்வது இதனால்தான். 3060-ல் சும்மா கிடக்கிறது என்று விளையாட்டுப் பிரியர்கள் கேலி செய்த அந்த 12 ஜிபி, ஏ.ஐ. மாடல்களை ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு வரப்பிரசாதம்.

மின்சாரத்தையும் சேர்க்க வேண்டும். 115 வாட் கார்டுக்கும் 225 வாட் கார்டுக்கும் வித்தியாசம் 110 வாட். தினம் நான்கு மணி நேரம் விளையாடினால் வருஷத்துக்குச் சுமார் 160 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றால் 1,280 ரூபாய். மூன்று வருஷத்தில் ஏறக்குறைய நாலாயிரம். பெரிய கார்டுக்குப் பெரிய பவர் சப்ளை வேறு.

கடைசியில் பில். சில நிறுவனங்கள் வாரண்டியை வாங்கிய தேதியிலிருந்து கணக்கிடுகின்றன. சில, கார்டின் வரிசை எண்ணைப் பார்த்து முடிவு செய்கின்றன. பில் இல்லாமல் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கிய கார்டு ஆறாம் மாதம் படுத்துவிட்டால், சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.