வளவுக்கு வரும் வாடைக்காலக் குருவிகள்

சோளகம் ஓய்ந்து வாடை தொடங்கும் ஐப்பசியில் யாழ்ப்பாணத்து வளவுகளிற் சில புதிய குருவிகளைக் காணலாம். முற்றத்தில் அரிசி தூவினால் இவை வருமென்று நாம் எதிர்பார்க்கலாகாது. அதற்குக் காகமும் அணிலும் புலுனியுமே வரும். கடல் கடந்து வரும் குருவிகளிற் பெரும்பாலானவை பூச்சி, புழு தின்பவை. ஆகவே வீட்டின் கோடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

ஆறுமணிக் குருவியை எடுத்துக்கொள்வோம். காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கையாகக் கூவுவதால் இப்பெயர். பச்சை முதுகு, கட்டை வால், வாலின் கீழ்ச் சிவப்பு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, இரவிற் பறந்து இங்கே வருகின்றது, சித்திரையளவில் திரும்பிவிடும். பாக்கு நீரிணைக்கு அப்பால், கோடியக்கரையில், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் இத்தகைய வலசைப் பறவைகளுக்குக் கால்வளையமிட்டு ஆராய்ந்துள்ளனர்.

வந்து சேரும்போது அது களைத்திருக்கும். வெளிச்சத்தில் மயங்கி வீட்டுக்குள் புகுந்து சுவரில் மோதுவதும் உண்டு. ஓர் ஐப்பசி விடியலில் எமது அறைவீட்டு விறாந்தையில் ஒன்று கிடந்தது. பிள்ளைகள் கூட்டில் வளர்க்கக் கேட்டார்கள். ஒருவர் அதன் வாயில் தண்ணீர் ஊற்றப் போனார். இரண்டும் பிழை. ஊற்றும் நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காட்டுப் பறவையை அடைத்து வைப்பதைச் சட்டமும் ஏற்பதில்லை. துளையிட்ட மட்டைப்பெட்டியில் வைத்து மூடி, பூனை எட்டாத இடத்தில் ஓரிரு மணிநேரம் விட்டோம். வேலியோரம் திறந்தபோது அது பறக்கவில்லை. தத்தித் தத்திச் சருகுக்குள் போய், இலைகளைப் புரட்டி இரை தேடத் தொடங்கியது.

அந்தச் சருகைத்தான் நாம் கூட்டி எரிக்கிறோம். இடம்பெயர்ந்து பல்லாண்டு கழித்து மீண்டவர்கள் பற்றை வெட்டித் துப்புரவாக்கியதைக் குறைகூற முடியாது. ஆயினும் கிளுவையும் பூவரசும் நின்ற வேலியில் மதில் எழுந்து, முற்றம் சீமெந்தானபின் குருவிக்கு இரையில்லை; தோட்டத்துக்குத் தாழ்க்கக் குழையுமில்லை. சருகிற் பாம்பு கிடக்கும் என்று தாய்மார் சொல்வது வீண் பயமன்று. எனவே வாசலடியில் வேண்டாம். பிள்ளைகள் நடமாடாத ஒரு மூலையில், மாமரத்தடியில், சருகை விட்டுவைக்கலாம். மண்ணும் ஈரங் காக்கும்.

அங்கேயே காட்டு வாலாட்டியும் வரக்கூடும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலுங் கீழும் ஆட்ட, இது பக்கவாட்டில் ஆட்டும். நீண்ட வெள்ளை வாலுடன் வால்குருவி தென்பட்டால் அது இந்தியாவிலிருந்து வந்தது. இங்கேயே வாழும் இனத்தின் ஆண் செங்கபில நிறமானது.

மண்சட்டியில் ஆழமின்றித் தண்ணீர் வைப்பதும் உதவும். நுளம்பு பெருகாதிருக்க நாள்தோறும் ஊற்றி மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் தேவையற்ற வெளிவிளக்கை அணைத்துவிடுவது நல்லது. வீட்டுப் பூனையை உள்ளே வைத்திருக்க இயலுமாயின் அதுவும்.