பழைய காரு இரும்பு, புது காரு தகரமா?

போன மாசம் தங்கச்சியை ஹாஸ்டல்ல விடறதுக்காக, அப்பாவும் நானும் சென்னையிலருந்து ஈ.சி.ஆர். வழியா பிள்ளைச்சாவடி போனோம். புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அங்கதான் இருக்கு. தங்கச்சியை விட்டுட்டு டீ குடிக்க நிறுத்தினோம். கடை ஓரமா ஒரு பழைய அம்பாசடர். அப்பா அதோட பானட்டைத் தட்டினார், ‘டங்’. எங்க செடானைத் தட்டினார், ‘டப்’. “அது இரும்புடா, இது தகரம். மோதினா எது தாங்கும்?”னு கேட்டார்.

இந்தக் கேள்விக்கு 2009-லயே ஒரு பதில் வந்தாச்சு. ஐ.ஐ.எச்.எஸ்.னு அமெரிக்காவுல சாலைப் பாதுகாப்புக்கான ஓர் அமைப்பு இருக்கு. தன்னோட ஐம்பதாவது வருஷத்துக்காக அது ரெண்டு ஷெவர்லே கார்களை நேருக்கு நேர் மோதவிட்டது. ஒண்ணு 1959 மாடல் பெல் ஏர்: அஞ்சு மீட்டருக்கு மேல நீளம், பின்னாடி இறக்கை வெச்ச பெரிய வண்டி. இன்னொண்ணு 2009 மாடல் மாலிபு செடான். ரெண்டுக்கும் மணிக்கு 64 கி.மீ. வேகம். ஓட்டுறவர் பக்கம் மட்டும் இடிக்கிற மாதிரி மோதல்.

பெல் ஏர்ல ஓட்டுறவர் உட்கார்ற இடமே நசுங்கிடுச்சு. ஸ்டீரிங்கும் டேஷ்போர்டும் உள்ள வந்து பொம்மையை நெருக்கிடுச்சு. நிஜ மனுஷனா இருந்தா பிழைச்சிருக்க மாட்டார். மாலிபுவோட மூக்கும் அப்பளமா நொறுங்கிச்சு. ஆனா கேபின் அப்படியே நின்னுச்சு. அதுல இருந்தவருக்குக் கால்ல சின்னக் காயம் பட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

ஏன் இப்படி? 64 கி.மீ. வேகத்துல மோதுறது, ஏறக்குறைய 16 மீட்டர் உயரத்திலருந்து விழறதுக்குச் சமம். அந்த வேகம் எங்கேயாவது செலவாகணும். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைக் கொஞ்சம் பின்னாடி இழுப்போம்ல? பந்து நிக்க நேரம் கொடுத்தா கை வலிக்காது. புது காரோட முன்பக்கம் அதே வேலையைத்தான் செய்யுது. தான் நொறுங்கி, உங்க உடம்பு நிக்க நேரம் வாங்கித் தருது. கேபினை மட்டும் கெட்டியான எஃகுல கட்டியிருப்பாங்க. ‘டப்’னு கேட்ட வெளித்தகரத்துக்கும் இந்த பலத்துக்கும் பெருசா சம்பந்தமே இல்ல.

ஆனா ஒரு நிபந்தனை. கார் நின்னாலும், பெல்ட் போடலன்னா நீங்க நிக்க மாட்டீங்க. அதே 64-லதான் முன்னாடி பாய்வீங்க. ஏர்பேக்கும் பெல்ட்டை நம்பித்தான் வேலை செய்யுது. நெருங்கி வந்துட்டவரை அதுவே காயப்படுத்தலாம். இன்னைக்கு நாம போடுற மூணு முனை பெல்ட்டை நில்ஸ் போலின் வோல்வோவுல கொண்டுவந்ததும் 1959-லதான். பெல் ஏரோட வயசுதான் அதுக்கும்!

எனக்கு உறுத்தினது அங்கதான். பெல்ட் போடச் சொல்லி கார் கத்தக்கூடாதுன்னு அப்பா ஒரு சின்ன கிளிப்பை வாங்கி மாட்டி வெச்சிருந்தார். அவர் பெருமையா தட்டின அம்பாசடரை விட, அந்தக் கிளிப் போட்ட என் செடான்தான் எனக்கு பயமா இருந்துச்சு.

டீக்கடையிலயே அந்த வீடியோவைக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தார், ஒண்ணும் சொல்லல. வண்டியில ஏறினதும் கிளிப்பைக் கழட்டி டேஷ்போர்டுக்குள்ள போட்டார். “மரக்காணம் வரைக்கும் போட்டுப் பாக்குறேன்”னார்.

மரக்காணம் தாண்டியும் கழட்டல. உங்க வீட்டு கார்லயும் அந்தக் கிளிப் இருந்தா, இன்னைக்கே எடுத்துடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.