ஏற்றுமதிச் சரக்குக்கு எந்தப் பை?

கடந்த சில வருடங்களாக நம் அறக்கட்டளைக்கு வரும் வட்டியில்லாக் கடன் மனுக்களில் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறோம். முன்பெல்லாம் பெட்டிக்கடை, தையல் மெஷின், ஆட்டோ என்றுதான் கேட்பார்கள். இப்போது வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த சகோதரர்கள், அங்கே பழகிய வியாபாரிகளின் தொடர்பை வைத்துக்கொண்டு நிலக்கடலைப் பருப்பு, எள், மல்லி, மஞ்சள் என்று சரக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். மனுவோடு கொடுக்கும் மதிப்பீட்டில் சரக்கின் விலை, லாரி வாடகை, கப்பல் கட்டணம், ஏஜெண்ட் கூலி எல்லாம் தனித்தனியாக இருக்கும். கடைசி வரியில் 'சாக்கு, இதர' என்று ஒரு சிறு தொகை. என்ன சாக்கு என்று கேட்டால், "அது கடையில கிடைக்கும் பாய்" என்பதே பெரும்பாலும் பதில். அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

50 கிலோ சாக்கை நாம் அறிவோம். வெளிநாட்டு ஆலைகள் பலவும் இப்போது கேட்பது ஜம்போ பை. பாலிபுரொப்பிலின் என்ற பிளாஸ்டிக் நாடாவில் நெய்து, மேலே நான்கு காதுகள் வைத்துத் தைத்த பெரிய பை. 500 கிலோ முதல் 1,000 கிலோ வரையிலும் அதற்கு மேலும் பிடிக்கும். ஃபோர்க்லிஃப்ட் காதைப் பிடித்துத் தூக்கிவிடும். சுமை கூலி மிச்சம். உலகுக்கு இந்தப் பைகளைச் செய்து அனுப்பும் முன்னணி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் இதே வடிவப் பையில்தான் உரமும் போகிறது, சிமெண்டும் போகிறது, ரசாயனப் பொடியும் போகிறது. எல்லாம் வெள்ளைப் பை. தூரத்தில் நின்று பார்த்தால் எது உணவுக்கு ஆனது, எது ஆகாதது என்று கண்ணுக்குத் தெரியாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உணவுக்கு உகந்த பை என்றால் இரண்டு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, பை எந்தப் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டது என்பது. மற்றது, எந்த இடத்தில் தைக்கப்பட்டது என்பது.

முதலில் பிளாஸ்டிக். புதிய மூலப்பொருளில் செய்த பையா, பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்ததா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழையதை உருக்கும்போது, அதில் முன்பு என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது; அதன் மிச்சம் பைக்குள் வந்துவிடும். பிளாஸ்டிக்கிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியாத அளவில் சில பொருட்கள் உணவுக்குள் இறங்குவதுண்டு. அதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கொண்டுவந்த பேக்கேஜிங் விதிமுறைகளிலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 10/2011 என்ற சட்டத்திலும் இந்த மொத்த எல்லை ஒன்றுதான்: ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு 10 மில்லிகிராம், அல்லது ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம். நம் நாட்டில் உணவைத் தொடும் பாலிபுரொப்பிலினுக்கான தரம் ஐஎஸ் 10910. இறங்கும் அளவைச் சோதிக்கும் முறை ஐஎஸ் 9845. பை விற்பவரிடம் இந்த இரண்டு எண்களைச் சொல்லி, ஆய்வக அறிக்கையின் நகலைக் கேளுங்கள். ஐரோப்பாவுக்குச் சரக்கு போகிறதென்றால் 10/2011இன்படி சோதித்த அறிக்கையாக இருக்க வேண்டும். எந்த வகை உணவுக்கு ஏற்றது என்று அறிக்கையில் எழுதியிருப்பார்கள். கடலை, எள் போன்ற எண்ணெய்ப் பசையுள்ள சரக்கு அனுப்புகிறவர்கள் அந்த வரியைத் தவறாமல் படிக்க வேண்டும்.

அடுத்தது தைத்த இடம். ஜம்போ பை மெஷினில் தைக்கப்படுவது. ஊசி உடைந்தால் அதன் முனை பைக்குள் விழலாம். வெட்டிய இடத்தில் நூலும் நாடாத் துணுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். பூச்சியும் தலைமுடியும் விழ வாய்ப்புண்டு. உரப் பைக்கு இதெல்லாம் பொருட்டில்லை. எள்ளுக்குள் ஒரு வெள்ளை நாடாத் துணுக்கு கிடந்தால் வாங்குகிறவர் மொத்தச் சரக்கையும் சந்தேகப்படுவார். அதனால் நல்ல ஆலைகளில் உணவுப் பைக்கென்று மூடிய தனி அறை இருக்கும். தொழிலாளர்கள் தலையுறை போட்டிருப்பார்கள். தைத்த பையின் உட்புறத்தைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, விளக்கு மேஜையில் வைத்துப் பார்த்து, உலோகம் கண்டறியும் கருவியில் விட்டு எடுப்பார்கள். இப்படிப்பட்ட ஆலைக்கு பிஆர்சிஜிஎஸ் அல்லது எஃப்எஸ்எஸ்சி 22000 என்ற சான்றிதழ் இருக்கும். சிலர் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழை எடுத்துக் காட்டுவார்கள். அது நிர்வாக ஒழுங்குக்கான பொதுச் சான்றிதழ். உணவுச் சுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நம்மிடம் கடன் பெற்ற ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததை, பெயர் சொல்லாமல் இங்கே குறிப்பிடுகிறோம். பைக்கு விலை குறைவு என்று ஒரு வியாபாரியிடம் வாங்கினார்கள். பையின் மேல் ஆங்கிலத்தில் 'உணவுத் தரம்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. காகிதம் எதுவும் இல்லை. சரக்கு போய்ச் சேர்ந்ததும், பருப்பில் ஏதோ வாடை அடிக்கிறது என்று வாங்கியவர் சொல்லிவிட்டார். திருப்பி அனுப்பவில்லை, ஆனால் விலையை வெட்டினார். அந்தப் பருப்பை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்த பெண்களின் கூலியும், அடகு வைத்த நகையும் அந்த வெட்டில்தான் போயின. அச்சு எழுத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். பையில் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். செய்த ஆலை, செய்த மாதம், தயாரிப்புத் தொகுதி எண், தாங்கும் எடை இவையெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தத் தொகுதி எண்ணும், அவர்கள் தரும் உறுதிக் கடிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை வேறு சரக்கு ஏற்றிய பையைக் கழுவி விற்பதும் நடக்கிறது. எவ்வளவு வெளுத்திருந்தாலும் உணவுக்கு அதை வாங்கவே கூடாது.

இனி ஈரம். பை நல்ல பையாக இருந்தும் சரக்கு கெடுவது பெரும்பாலும் இதனால்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

நெய்த பையின் இழைகளுக்கு நடுவே காற்றும் தூசியும் ஈரமும் நுழையும். அதைத் தடுக்க உள்ளே பாலித்தீன் உள்பை போடுவார்கள். லைனர் என்று கேட்டால் தருவார்கள். உணவை நேரடியாகத் தொடுவது இந்த உள்பைதான். ஆகவே மேலே சொன்ன சோதனை அறிக்கை வெளிப்பைக்கு மட்டும் இருந்தால் போதாது, உள்பைக்கும் தனியாக வேண்டும். பலர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

உள்பை போட்டுவிட்டால் சரக்கு பத்திரம் என்று நினைப்பதும் தவறு. உள்பை வெளி ஈரத்தை உள்ளே விடாது. அதேபோல உள் ஈரத்தையும் வெளியே விடாது. சரியாகக் காயாத பருப்பை உள்பையில் கட்டுவது, ஈரத் துணியைப் பெட்டியில் மடித்து வைத்த மாதிரி. சணல் சாக்கில் போயிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருக்கும். உள்பைக்குள் அப்படியே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். நிலக்கடலையில் பிடிக்கும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. ஈரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. வறுத்தாலும் முழுவதும் போகாது. நேரடியாக உண்ணும் கடலைக்கு ஐரோப்பா வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராம். அதாவது ஒரு டன் பருப்பில் 4 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு. மிளகாய், மஞ்சளுக்கு அங்கே கிலோவுக்கு 10 மைக்ரோகிராம்.

அதனால் பைக்கு முன்னால் ஈரமானியைத் தேடுங்கள். பருப்புக்கு உலகப் பொதுத் தரமான கோடெக்ஸ் 9 சதவீதம் வரை ஈரத்தை அனுமதிக்கிறது. வாங்குகிறவர்கள் 7 சதவீதம் கேட்பதே வழக்கம். காய்ந்த மிளகாய்க்கு நம் நாட்டு எல்லை 11 சதவீதம், மஞ்சளுக்கு 12. பல்லால் கடித்துப் பார்த்து "காஞ்சிருச்சு" என்று சொல்லும் மண்டிப் பெரியவர்களின் அனுபவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 7க்கும் 9க்கும் உள்ள வித்தியாசம் பல்லுக்குத் தெரியாது. இன்னொன்று: வெயிலில் காய்ந்த சரக்கைச் சூட்டோடு பையில் கொட்டிக் கட்டக் கூடாது. ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

கண்டெய்னருக்குள் நடப்பதும் தெரிந்திருக்க வேண்டும். பகலில் வெயிலில் இரும்புப் பெட்டி கொதிக்கும். சரக்கிலிருந்தும் மரப் பலகையிலிருந்தும் ஈரம் ஆவியாகி மேலே போகும். இரவில் கூரை குளிர்ந்ததும் அந்த ஆவி நீராகி, மழைபோலச் சரக்கின் மேல் சொட்டும். தூத்துக்குடி வெயிலில் ஏற்றிய பெட்டி குளிர்காலத்தில் ஐரோப்பாவில் இறங்கினால் இது இன்னும் அதிகம். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கண்டெய்னரின் பக்கங்களில் தொங்கவிடுவார்கள். அதற்கான செலவையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மரப் பேலட் வைத்தால் அது 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் பக்குவம் செய்து முத்திரையிட்ட மரமாக இருக்க வேண்டும். பெரும்பாலான நாடுகள் முத்திரை இல்லாத மரத்தை உள்ளே விடுவதில்லை.

பிளாஸ்டிக்கே வேண்டாம், சணல் சாக்குதான் இயற்கை என்று சொல்கிறவர்களும் உண்டு. ஓரளவு நியாயம்தான். ஆனால் சணல் நாரை நூற்கும்போது அதை இளக்க எண்ணெய் தெளிப்பார்கள். சாதாரணச் சாக்கில் அது பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய். அதன் வாடையும் சத்தும் உணவில் ஏறும். அதற்குப் பதிலாகத் தாவர எண்ணெய் தெளித்த உணவுத் தரச் சணல் சாக்கு தனியாக இருக்கிறது. சணல்தான் வேண்டுமென்றால் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாச் சரக்குக்கும் ஜம்போ பை பொருந்தாது என்பது எங்கள் கருத்து. பருப்பு, எள், மல்லி, அரிசி, சிறுதானியம் போன்ற உருண்டு இறங்கும் சரக்குக்கு அது நல்லது. வெங்காயம், உருளைக்கிழங்குக்கு மூச்சு விடும் பை வேண்டும். பக்கங்களில் காற்றோட்டப் பட்டைகள் வைத்து நெய்த ஜம்போ பை அதற்கென்றே கிடைக்கிறது, உள்பை கூடாது. நம் இராமநாதபுரம் முண்டு மிளகாயை முழுதாக ஜம்போ பையில் போடுவது வீண். எடை குறைவு, இடம் அதிகம். அடியில் உள்ளது நொறுங்கி விதை கொட்டும். அதற்குச் சிறு சாக்கே போதும். மிளகாய்த்தூள், மாவு, சர்க்கரை போன்ற பொடிகளைக் கொட்டும்போது நிலைமின்சாரப் பொறி எழுந்து தூசி தீப்பற்றும் ஆபத்து உண்டு. பைகளில் அதற்கென ஏ, பி, சி, டி என்று நான்கு வகை இருக்கின்றன. ஏ வகைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. எந்த வகை வேண்டும் என்று வாங்குகிற ஆலையிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். லேபிளில் 1,000 கிலோ, 5:1 என்று இருந்தால், சோதனையில் 5,000 கிலோ வரை தாங்கியது, ஒரே ஒரு பயணத்துக்கு உரியது என்று பொருள். 6:1 பலமுறை பயன்படுத்த. ஐயாயிரம் தாங்குமே என்று 1,200 கிலோ கொட்டக் கூடாது. நான்கு காதையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். வெற்றுப் பையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டு வைத்தால் நாடா இற்றுப்போகும். உரமோ மண்ணெண்ணெயோ இருக்கும் கிட்டங்கியில் வைத்தால் அந்த வாடை பையில் ஏறும்.

அளவு சொல்லும்போது கண்டெய்னரையும் நினைவில் வையுங்கள். 20 அடிப் பெட்டியின் உள் அகலம் ஏறக்குறைய 235 சென்டிமீட்டர், கதவின் உயரம் ஏறக்குறைய 228. நிரப்பிய பை நான்கு பக்கமும் உப்பும். இரண்டு பை பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் உப்பிய பிறகும் ஒன்று 115க்குள் இருக்க வேண்டும். உள்ளே தடுப்புத் துணி தைத்த பை உப்பாமல் சதுரமாக நிற்கும். விலை கூடுதல், ஆனால் இடம் மிச்சமாகும்.

பூச்சிக்குப் புகை போடுவதை உரிமம் பெற்றவர்களிடம் மட்டும் கொடுங்கள். உள்பையை இறுக்கிக் கட்டிய பிறகு புகை போட்டால் அது உள்ளே சரியாக இறங்காது. கட்டுவதற்கு முன்பே முறையை அவர்களிடம் பேசிவிட வேண்டும். மாத்திரைச் சாம்பல் சரக்கில் படவே கூடாது.

ஒப்பந்தம் போடுமுன், பை எப்படி இருக்க வேண்டும் என்பதை வாங்குகிறவரிடமிருந்து எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி, அழிக்காமல் வையுங்கள். மொத்தமாக வாங்காமல் முதலில் இரண்டு பை வாங்கி, உள்ளே கையை விட்டுத் தடவி, முகர்ந்து பாருங்கள். சரக்கு போன பிறகும் அதே தொகுதியில் ஒரு பையையும், பில், அறிக்கை, கடிதங்களின் நகலையும் பணம் முழுவதும் வந்து சேரும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

இனிமேல் ஏற்றுமதிக்காகக் கடன் கேட்டு வரும் மனுக்களில் பைக்கான விலைப்பட்டியலையும், வெளிப்பை, உள்பை இரண்டுக்குமான ஆய்வக அறிக்கையையும் இணைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அறிக்கை ஆங்கிலத்தில் இருப்பதால் புரியவில்லை என்றால், லேபிளின் புகைப்படத்தோடு அசருக்குப் பிறகு அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே படித்துப் பார்க்கலாம்.