லேபிள் சொல்லாத வெள்ளி டாலர்

1888-ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலை 1 கோடியே 21 லட்சத்துக்கும் மேற்பட்ட மார்கன் வெள்ளி டாலர்களை அடித்துத் தள்ளியது. அவற்றில் ஒன்றை வாங்குவது இன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் அவற்றுள் ஒரே ஓர் அச்சில் விழுந்த நாணயங்களில் மட்டும் சுதந்திர தேவியின் உதடு, மூக்கு, மோவாய் மூன்றும் இரட்டையாகத் தெரியும். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதற்கு 'ஹாட் லிப்ஸ்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். கிடைப்பவை பெரும்பாலும் பல கைகள் மாறித் தேய்ந்தவை. புழக்கத்துக்கே போகாத ஹாட் லிப்ஸ் கிடைப்பது மிக மிக அபூர்வம்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. தரச்சான்று நிறுவனம் இந்த டாலரைப் பரிசோதித்து, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டி அனுப்பும். லேபிளில் ஆண்டு, நாணயச்சாலையின் அடையாள எழுத்து, தர எண் ஆகியவை இருக்கும். எந்த அச்சு வகை என்று எழுத வேண்டுமானால் அனுப்புகிறவர் அதற்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாதவர்கள் ஏராளம். அதனால் 'ஸ்லாப்' என்று அழைக்கப்படும் அந்தப் பெட்டிகளுக்குள் பெயர் எழுதப்படாத அபூர்வ வகைகள் சாதாரண விலையில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைத் தேடுவதற்கென்றே ஒரு கூட்டம் கையில் லென்ஸுடன் கண்காட்சிகளைச் சுற்றி வருகிறது.

இரட்டை எப்படி விழுகிறது? நாணயம் அடிக்கும் அச்சை, தாய் அச்சைக் கொண்டு அழுத்தித் தயாரிப்பார்கள். முன்பெல்லாம் ஒரே அழுத்தில் உருவம் முழுதாகப் பதியாது. அழுத்தத்தில் இறுகிப்போன எஃகைச் சூடாக்கி இளக்கி, மறுபடியும் அழுத்துவார்கள். இரண்டாம் முறை இம்மியளவு திரும்பி உட்கார்ந்துவிட்டால், எழுத்தும் எண்ணும் இரண்டிரண்டாகிவிடும். பிறகு அந்த அச்சிலிருந்து விழும் ஒவ்வொரு நாணயத்திலும் அதே இரட்டை இருக்கும். நாணயம் அடிக்கும் நேரத்தில் அச்சு ஆடிப்போனாலும் இரட்டை போல ஒன்று தெரியும். அது படிக்கட்டு மாதிரி தட்டையாகச் சரிந்து கிடக்கும். அதற்குத் தனி மதிப்பில்லை. உண்மையான இரட்டையில் இரண்டு உருவமும் திரண்டு நிற்கும், எழுத்தின் முனைகள் பிளந்து தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும் பக்கவாட்டில் ஒரு விளக்கும் இருந்தால், பழகிய கண் இதைச் சில நொடிகளில் பிரித்துவிடும்.

இந்த வகையில் ஊரறிந்தது 1955-ஆம் ஆண்டின் ஒரு சென்ட். பிலடெல்பியா நாணயச்சாலையில் இரவு வேலையின்போது பிழையான அச்சு ஒன்று ஓடியது. பரிசோதகர் கவனித்து நிறுத்துவதற்குள், அந்த அச்சில் விழுந்த 20,000-க்கும் மேற்பட்ட காசுகள் லட்சக்கணக்கான நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. பிரித்தெடுக்க வழியில்லாமல் எல்லாவற்றையும் அப்படியே வெளியே அனுப்பினார்கள். அவை மக்களிடம் வந்து சேர்ந்த விதம்தான் சுவாரசியம். அன்று சிகரெட் இயந்திரத்தில் 25 சென்ட் போட்டால் 23 சென்ட் விலையுள்ள பெட்டி விழும். மிச்சம் இரண்டு சென்ட், பெட்டியைச் சுற்றிய கண்ணாடித்தாளுக்குள் செருகியிருக்கும். அந்த இரண்டு சென்ட்டில்தான் பலர் இந்த இரட்டை எழுத்தை முதன்முதலில் பார்த்தார்கள். வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்கு அது பளிச்சென்று இருக்கிறது.

மார்கன் டாலர்களின் அச்சு வேறுபாடுகளை லீராய் வான் ஆலன், ஜார்ஜ் மாலிஸ் என்ற இருவர் பட்டியலிட்டார்கள். அவர்கள் பெயர்களின் எழுத்துகளைச் சேர்த்து 'வாம்' எண் என்று அழைக்கிறார்கள். ஹாட் லிப்ஸ் 1888 நியூ ஆர்லியன்ஸ் டாலர்களில் நான்காவது வாம். சில வகைகளில் சரித்திரமே பதிந்திருக்கிறது. கார்சன் சிட்டி நாணயச்சாலை 1893-இல் டாலர் அடிப்பதை நிறுத்தியது. மிஞ்சிய அச்சுகளை வீணாக்காமல், 'சி.சி.' என்ற அடையாளத்தின் மேலேயே நியூ ஆர்லியன்ஸின் 'ஓ' எழுத்தைக் குத்திப் பயன்படுத்தினார்கள். 1900-ஆம் ஆண்டு டாலர்கள் சிலவற்றில் 'ஓ'-வின் பின்னால் பழைய எழுத்துகளின் மிச்சம் இன்றும் தெரியும்.

தர எண்களின் கதை வேறு. வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் 1949-இல், அமெரிக்காவின் பழைய பெரிய சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். அடிமட்ட நிலையிலுள்ள நாணயம் 1 டாலர் பெறுமானால், குறையே இல்லாதது 70 டாலர் பெறும் என்பது அவர் கணக்கு. அந்த விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனாலும் எண்கள் நிலைத்துவிட்டன. 1986-இல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டு என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் அதே எண்களை ஸ்லாப்புகளில் அச்சிடத் தொடங்கின.

ஸ்லாப் இருந்தால் கவலையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1896, 1900, 1902 ஆண்டுகளின் 'சிறிய ஓ' டாலர்கள் அபூர்வ வகை என்று பல காலம் போற்றப்பட்டன. அவை அந்தக் காலத்திலேயே யாரோ தனியார் அடித்த கள்ள நாணயங்கள் என்று 2005-இல் தெரியவந்தது. அதற்குள் சான்று பெற்று ஸ்லாப்புக்குள் போனவையும் அவற்றில் இருந்தன.

இனி நியாயத்துக்கு வருவோம். டீலர் விலை ஒட்டி மேசையில் வைத்திருக்கிறார். அது ஹாட் லிப்ஸ் என்பது வாங்க வந்தவருக்கு மட்டும் தெரிகிறது. சொல்லியாக வேண்டுமா?

இதற்கு நெருக்கமான கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1817-லேயே சந்தித்தது. போர் முடிந்த செய்தியை முந்தி அறிந்த ஆர்கன் என்ற வணிகர், நியூ ஆர்லியன்ஸில் 111 பீப்பாய் புகையிலை வாங்கினார். செய்தி பரவியதும் விலை ஏறியது. விற்றவர்கள் சரக்கைத் திரும்பக் கைப்பற்ற, ஆர்கன் வழக்குத் தொடுத்தார். தனக்குத் தெரிந்ததை வாங்குபவர் சொல்லியாக வேண்டியதில்லை, ஆனால் மற்றவரை ஏமாற்றும்படி எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது என்றார் தலைமை நீதிபதி மார்ஷல்.

நாணய மேசைக்கும் இதுவே சரியான அளவு. டீலரின் தொழிலே நாணயம். அந்த டாலரைத் திருப்பிப் பார்க்க அவருக்கும் லென்ஸ் உண்டு. படித்துப் பழகி வந்தவர், ஒட்டிய விலையைக் கொடுத்து எடுத்துப்போவதில் தவறில்லை. ஆனால் "இதில் ஏதாவது விசேஷம் இருக்கிறதா?" என்று டீலர் கேட்கும்போது "சாதாரணம்தான்" என்று சொல்லி விலையைக் குறைத்தால், அது ஏமாற்று. வாங்கிய ஸ்லாப்பை உடைத்துப் பார்த்துவிட்டு, எதிர்பார்த்தது இல்லையென்று திருப்பிக் கொடுப்பதும் அப்படியே.

தாத்தாவின் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரும் பேத்தியின் நிலை வேறு. அவர் வியாபாரி அல்ல. எதிரே இருப்பவரை நம்பி விலை கேட்கிறார். அங்கே மௌனம் காப்பது அநியாயம். நாணயம் என்னவென்று சொல்ல வேண்டும், இன்னொருவரிடமும் காட்டச் சொல்ல வேண்டும், அதன் பிறகே விலை பேச வேண்டும்.

இரு தரப்புமே அறியாமல் தவறும் சந்தர்ப்பமும் உண்டு. 1916-இல் டென்வரில் அடித்த டைம், அதாவது பத்து சென்ட் காசு, 2,64,000 மட்டுமே. அப்படி ஒன்றை நியூ ஜெர்சியில் ஒரு கடை 500 டாலருக்கு வாங்கியது. பிறகு அதன் டென்வர் எழுத்து போலி என்று தெரிந்தது. விற்றவருக்கும் அது தெரியாது. இருவரும் ஒரே தவறான நம்பிக்கையில் செய்த பேரம் என்பதால் ரத்து செய்யலாம் என்று 1979-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அளவுகோல் வகுத்த ஷெல்டன் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்து தரமான பெரிய சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தன்னிடமிருந்த தாழ்ந்தவற்றை அங்கே வைத்துவிட்டார். அவர் 1977-இல் இறந்து வெகுகாலம் கழித்தே பழைய புகைப்படங்களை ஒப்பிட்டு இதை உறுதிசெய்தார்கள். அவற்றை நம்பி வாங்கியிருந்த சேகரிப்பாளர் கலிபோர்னியா நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியதாயிற்று. எனவே விலையுயர்ந்த வகை ஒன்றை வாங்கும்போது, அது இதற்குமுன் யார் யாரிடம் இருந்தது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய ஏலப் பட்டியல்களில் படம் இருந்தால் நாணயத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.