ஓர் இழை அறுந்தால் பாவு முழுவதையும் அறுப்பதா?

ஆரணித் தெருக்களில் நடந்து பாருங்கள், தோழர்களே! தறிக்குழியில் காலை இறக்கி, குனிந்த முதுகோடு பட்டு நெய்கிறான் தோழன். பாவில் ஓர் இழை அறுகிறது. என்ன செய்கிறான்? பாவு முழுவதையும் வெட்டி எறிகிறானா? இல்லை! நாடாவை நிறுத்துகிறான், அறுந்த முனையைத் தேடி எடுக்கிறான், பிணைக்கிறான், மீண்டும் நெய்கிறான்.

நூலுக்குக் காட்டும் பொறுமையை மனிதனுக்குக் காட்ட வேண்டாமா?

வேண்டும் என்கிறது சட்டம். 1936ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் கண்ட வழி இது. பின்னர் 1958இல் நாடு முழுமைக்கும் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றமானால், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடலாம். 21 வயது நிரம்பாதவனையோ, ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்புவதானால், ஏன் அனுப்புகிறோம் என்று நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும்!

நல்ல சட்டம்தான். ஆனால் சட்டத்துக்குக் கால் உண்டா, நடந்து வர? அதன் கால்கள் நன்னடத்தை அலுவலரின் கால்கள்!

19 வயதுப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். கூலிக்கு நெய்பவன். வீட்டில் நோய், கையில் காசில்லை. முதலாளியின் ஜரிகையைக் கொஞ்சம் எடுத்து விற்றுவிட்டான், பிடிபட்டான். முதல் தவறு. இனி அலுவலரின் பாடு தொடங்குகிறது.

வீட்டுக்குச் சென்று நிலையறிய வேண்டும். அப்போது அவர் ஆராய்ச்சியாளர். அறிக்கை எழுதி மன்றத்தில் தரவேண்டும். அப்போது அவர் எழுத்தர். மேற்பார்வை ஆணை பிறந்தால், குறைந்தது ஓராண்டு அவனைக் கவனிக்க வேண்டும். அப்போது அவர் காவலர். வேலை தேடித்தர முயல வேண்டும். இழப்பீடு கட்ட வழிசொல்ல வேண்டும். அப்போது அவர் அண்ணன். பையன் பிணையை மீறினாலோ, மன்றத்துக்கு அறிவிக்க வேண்டியவரும் அவரே! தோளில் கைபோட்ட அண்ணனே புகார் ஓலையும் எழுதவேண்டும். எத்தனை கடினமான வேடம், எண்ணிப் பாருங்கள்!

இத்தோடு முடிந்ததா? வேலூர் மத்திய சிறையில் அடைபட்ட தண்டனைக் கைதி சாதாரண விடுப்புக் கேட்டால், வீட்டு நிலவரம் அறிந்து எழுதவும் நன்னடத்தை அலுவலரே வரவேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் வழக்கிலோ, 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை வேண்டும். பிள்ளையின் படிப்பும் பழக்கமும் குடும்பமும் 15 நாளில் தெரிந்தாக வேண்டும்!

ஒரே ஆளின் மேசையில் கோப்பு மலையாகக் குவிந்தால் என்ன ஆகும்? தெருவுக்கு வரவேண்டிய கால்கள் நாற்காலியடியில் முடங்கும். நாலு பக்கம் எழுதவேண்டிய இடத்தில் நாலு வரி வரும். அந்த நாலு வரியைப் பார்த்து நீதிபதி என்ன செய்வார்? பையன் சிறைக்குப் போவான். தறி நிற்கும். அடுப்பு அணையும். திரும்பி வருகையில், ஜரிகை எடுத்தவனாகவா வருவான்? அங்கே பழகியவர்களின் பாடத்தையும் படித்துக்கொண்டல்லவா வருவான்!

இந்தப் பணியைத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? மன்னரல்ல, மந்திரியல்ல, காலணி செய்யும் தொழிலாளி! அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1841இல், நீதிமன்றத்தில் நின்ற குடிகாரன் ஒருவனைத் தம் பொறுப்பில் பிணை எடுத்தார் ஜான் அகஸ்டஸ். 1859இல் மறையும் வரை அவர் பிணை எடுத்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். உழைப்பாளியின் உள்ளத்தில் ஊறிய அந்த எண்ணத்தை, இன்று அலுவலகக் கோப்பில் மூச்சுத்திணற விடுவதா?

நாம் கேட்பது சலுகையல்ல. நன்னடத்தை அலுவலர்களின் எண்ணிக்கையைக் கூட்டுக! ஒருவர் தலையில் இத்தனை வழக்குக்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டுக! ஊர் ஊராய்ச் செல்ல வண்டி வசதி தருக! சுவருக்கும் பூட்டுக்கும் பணம் உண்டென்றால், மனிதனை மீட்கவும் உண்டு!

தோழர்களே, நமக்கும் கடமை உண்டு. அந்த அலுவலர் நம் தெருவுக்கு வந்தால் கதவை மூடாதீர்; உள்ளதைச் சொல்லுங்கள். திருந்த வந்தவனுக்கு ஒரு தறி கொடுங்கள்.

அறுந்த இழையைப் பிணைக்கத் தெரிந்த ஊர் ஆரணி. அறுந்த மனிதனையும் பிணைத்துக் காட்டட்டும்!