மெதுவாக ஓடும் கணிப்பொறியைத் தூக்கி எறியலாமா?

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாயார் ஒருவர் நம்மைக் காண வந்தார். கணவரை இழந்தவர், தையல் வேலை செய்து ஒரே மகனைப் படிக்க வைப்பவர். கையில் சிறு பொட்டலம் ஒன்றிருந்தது. "சுவாமி, நாளைக்கு இந்தச் சங்கிலியை அடகு வைக்கப் போகிறேன். பையனுடைய கம்ப்யூட்டர் தூங்கி வழிகிறது. இனி இதில் ஒன்றும் செய்வதற்கில்லை, புதிது வாங்கிவிடுங்கள் என்று பழுது பார்க்கிறவர் சொல்லிவிட்டார். ஒரு ஜெபம் சொல்லி அனுப்புங்கள்" என்றார். ஜெபம் சொன்னோம். ஆயினும், சங்கிலியை இன்னும் ஒரு வாரம் வீட்டிலேயே வைத்திருக்கும்படியும், அந்தப் பெட்டியை நம்மிடம் அனுப்பிவைக்கும்படியும் கேட்டுக்கொண்டோம்.

நாம் பொறியியல் கற்றவரல்லர். குருமடத்தில் நமக்குக் கற்பித்தவை தத்துவமும் இறையியலுமே. எனினும், பங்கு அலுவலகத்துப் பழைய பொறியோடு பத்தாண்டுகள் மல்லாடியதில் ஒரு பாடம் கற்றோம். முதலில் பிரதி, அடுத்துச் சோதனை, அதன் பின்னரே செலவு. இவ்வரிசையை மாற்றினால் பணமும் போகும், பணத்தால் மீட்க முடியாதவையும் போகும்.

பிரதியை ஏன் முதலில் வைத்தோம்? நம்முடைய சொந்தத் தவறொன்றே அதற்குக் காரணம். ஞானஸ்நானப் பதிவேட்டின் பெயர் அகரவரிசையை ஈராண்டுகள் பொறுமையாகக் கணிப்பொறியில் ஏற்றியிருந்தோம். பொறி மந்தமாகவே, பிரதி எடுக்காமல் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் அனைத்தையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் பதிந்து கொடுத்தார். பொறி விரைந்து ஓடிற்று. ஈராண்டு உழைப்பு மறைந்து போயிற்று. கையால் எழுதிய பெரிய பதிவேடுகள் அலமாரியில் இருந்ததால் தப்பினோம். குடும்பப் புகைப்படங்களுக்கு அப்படி ஓர் அலமாரி ஏது? ஆதலின், எதையும் தொடுமுன் படங்களையும் பாடங்களையும் ஒரு பென் டிரைவிலோ, வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்கிலோ பிரதி எடுத்துவிடுங்கள். பெட்டியினுள் "டக், டக்" என்று ஓசை கேட்டாலோ, கோப்புகள் திறக்க மறுத்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. ஹார்ட் டிஸ்க் தன் இறுதி நாட்களில் இருக்கிறது என்பதற்கு அவை அடையாளங்கள்.

இனி சோதனைக்கு வருவோம். முதலில் 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பாருங்கள். அணைத்துவிட்டு மீண்டும் போடுவதும் இதுவும் ஒன்றல்ல. 2012ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுக்கும்போது விண்டோஸ் தன் உட்பகுதியின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்துத் தொடர்வது பெரும்பாலும் வழக்கம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் அனைத்தும் புதிதாகத் தொடங்கும். பல நாள் சிக்கல் இந்த ஒன்றிலேயே தீர்ந்துவிடுவதுண்டு.

தீராவிடில், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பட்டியல் திறக்கும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்னும் தலைப்புகளின் மேல் விழுக்காடு காட்டப்படும். பொறி தடுமாறும் வேளையில் எது 100ஐ நெருங்கி நிற்கிறதோ, அங்கேதான் நோய். மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதற்கு ஒப்பானது இது. இதைப் பாராமல் பணம் செலவிடுவது, காய்ச்சல் என்றதும் கண்ட மருந்தை விழுங்குவதை ஒக்கும்.

சி.பி.யு. உச்சத்தில் நின்றால், எந்த மென்பொருள் அதை உண்கிறது என்பது அப்பட்டியலிலேயே தெரியும். தெரியாத பெயரெனில், விண்டோஸில் உள்ள வைரஸ் தடுப்பைக் கொண்டு முழுச் சோதனை செய்யுங்கள். வெப்பமும் வேகத்தைக் குறைக்கும். தூசி அடைத்து விசிறி காற்றை வெளியேற்ற இயலாதபோது, பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைத் தணித்துக்கொள்ளும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுங்கள். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மெமரி நிறைந்திருந்தால், 'ரேம்' போதவில்லை என்பது பொருள். இடம் போதாமையால், பொறி தன் நினைவின் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி எழுதிப் படிக்கிறது. அதனால் எல்லாம் தாமதமாகிறது. 4 ஜி.பி. உள்ள பொறியில் அதை 8 ஆக்குவது நற்பயன் தரும். ஆனால் டி.டி.ஆர். 3 வகைக்குரிய இடத்தில் டி.டி.ஆர். 4 பொருந்தாது; வகையை அறிந்தே வாங்குங்கள். அதற்கு முன் செலவில்லாத வழி ஒன்றுண்டு. டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், பொறி விழிக்கும்போதே உடன் எழும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். தேவையற்றவற்றை 'டிசேபிள்' செய்யுங்கள். அவை அழிந்துவிடா, அழைக்கும்போது மட்டும் வரும். வைரஸ் தடுப்பை மட்டும் நிறுத்த வேண்டாம்.

பழைய மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் நோய் இருக்குமிடம் டிஸ்க்தான். ஹார்ட் டிஸ்கினுள் வட்டத் தகடு சுழல்கிறது. பெரும்பாலும் நிமிடத்திற்கு 7,200 சுற்று. அதன் மேல் ஒரு சிறு முனை அங்குமிங்கும் நகர்ந்து, வேண்டிய தகவல் முனைக்குக் கீழே வரும்வரை காத்திருந்து படிக்கிறது. ஆதலால் சிதறிக் கிடக்கும் தகவல்களை நொடிக்குச் சுமார் 100 முறைதான் தேடி எடுக்க முடியும். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் தகடும் இல்லை, நகரும் முனையும் இல்லை. மின்சில்லுகளிலிருந்து நொடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கும். பிராசசரை மாற்றாமல் இதை மட்டும் மாற்றினாலே பழைய பொறி புத்துயிர் பெறுவதன் இரகசியம் இதுவே. விலையும் புதிய கணிப்பொறியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

டிஸ்க் ஏறக்குறைய நிரம்பிவிட்டாலும் பொறி மூச்சுத் திணறும். தற்காலிகக் கோப்புகளை அகற்ற விண்டோஸிலேயே வழியுண்டு. அப்போது 'டவுன்லோட்ஸ்' என்பதில் குறி இருக்கிறதா என்று பார்த்து அதை நீக்கிவிடுங்கள். இல்லையேல் நீங்கள் இறக்கி வைத்தவையெல்லாம் போய்விடும். எஸ்.எஸ்.டி.யைத் தனி மென்பொருள் கொண்டு 'டிஃப்ராக்' செய்ய வேண்டியதில்லை. அதனால் பயனில்லை, வீண் தேய்மானமே மிச்சம்.

இருவகை மனிதரிடம் எச்சரிக்கையாயிருங்கள். ஒரு சொடுக்கில் பத்து மடங்கு வேகம் என்று மென்பொருள் விற்பவர் ஒருவர். உங்கள் பொறியில் வைரஸ் இருப்பதாகத் தாமே தொலைபேசியில் அழைத்துச் சொல்பவர் மற்றவர். மைக்ரோசாஃப்ட் எவரையும் அவ்வாறு அழைப்பதில்லை. அவர் சொல்லும் மென்பொருளைப் பதிந்தால், வங்கிக் கணக்கின் திறவுகோலைக் கையில் கொடுத்தது போலாகும்.

அந்தத் தாயாரின் பொறிக்கு வருவோம். விழித்தெழ எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. டிஸ்க் 100இல் நின்றது, சி.பி.யு. 20ஐத் தாண்டவில்லை. முதலில் பிரதி எடுத்தோம். நம் பங்கின் இளைஞர் ஒருவர் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினார். பின்னர் ஒரு கேள்வி எழுந்தது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பைக் கேட்கிறது. இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட பிராசசர்களைப் பொதுவாக ஏற்பதில்லை. இந்தப் பொறியோ அதற்கும் மூத்தது. எனவே, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டைப் பதிந்தோம். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் சில அதில் ஓடா. மகனுக்கு வேண்டிய கட்டுரை எழுதும் வசதியும் இணையமும் அதில் உண்டு. ஒரு வாரத்தில் பழகிக்கொண்டான். இப்போது ஒரு நிமிடத்திற்குள் பொறி விழித்தெழுகிறது.

எல்லாப் பொறியும் இவ்வாறு பிழைக்கும் என்று நாம் சொல்லவில்லை. மதர்போர்டு பழுதானால் புதிது வாங்குவதே முறை. ஆனால் அத்தீர்ப்பைச் சோதனைக்குப் பின் எழுதுவோம்.

பெட்டியை எடுத்துச் செல்ல வந்தபோது, தாயார் வேகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அவர் படங்கள் இருக்கிறதா, சுவாமி?" என்றே கேட்டார். மறைந்த கணவர் மகனைத் தோளில் சுமந்து நிற்கும் படத்தைத் திறந்து காட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சங்கிலி இருந்தது.